எனக்காகப் பதில் சொன்னவள்

அவளை நான் முதலில் பார்க்கவில்லை, குரலைத்தான் கேட்டேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சிலிருந்து வந்து, வீங்கிய கால்களை ஆற்றலாம் என்று குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பிக் கிடந்தேன். ஆகஸ்டு மாதத்து மதிய வெயில் ஜன்னல் திரையை வெள்ளை வெளேரென்று ஆக்கியிருந்தது. வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை. அடுக்களையில் ஒரு பெண் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

ரேடியோ என்று நினைத்தேன். அப்போது அவள் சிரித்தாள். தொண்டையில் தொடங்கி மூக்கில் முடிகிற சிரிப்பு. என் கணவர் டெமெட்ரிக் அதை வைத்து என்னை எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறார். ஐவி போன பிறகு நான் அப்படிச் சிரித்ததே இல்லை.

"ஆசீர்வாதமா இருக்கேன் அக்கா! கர்த்தர் நல்லவர். வயித்துக்குள்ளே இருக்கிறவங்க உதைக்கிற உதையில எனக்கு உட்காரவே முடியலை, போங்க."

துண்டைச் சுற்றிக்கொண்டு ஈரக் காலோடு ஓடினேன். அடுக்களையில் யாரும் இல்லை. மேசைமேல் என் போன் கிடந்தது. எடுத்தேன். நெடுநேரம் காதில் வைத்துப் பேசிய போன் எப்படிச் சுடுமோ அப்படிச் சுட்டது.

வெயிலில் கிடந்ததால் சுடுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த மேசையில் வெயில் விழாது.

சாயங்காலம் டெமெட்ரிக்கின் அக்கா லவோனியா பவுண்டு கேக்கோடு வந்து நின்றாள். கதவைத் திறந்ததும் என்னை இழுத்துக் கட்டிக்கொண்டாள்.

"ஏ பொண்ணே, இன்னைக்கு நீ பேசினதுல எனக்கு உசுரே திரும்பி வந்துச்சு தெரியுமா? எலுமிச்சை மணமா கேக் வேணும்னு வாயைத் தொறந்து கேட்டே பாரு! எம்புட்டு நாளாச்சு நீ ஒண்ணு வேணும்னு கேட்டு!"

நான் கேட்கவில்லை. எனக்கு எலுமிச்சை மணமே அப்போது குமட்டியது. ஆனால் அவள் முகத்தில் அத்தனை சந்தோஷம். ஒரு துண்டை வாங்கி அவள் பார்க்கப் பார்க்கத் தின்றேன்.

மேலே போகுமுன் முன்னால் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் ஏன் அன்றைக்கே யாரிடமும் வாய் திறக்கவில்லை என்பது புரியாது.

நாங்கள் இருப்பது மிசிசிப்பி ஆற்றோரம், கார்வர்ஸ் பெண்ட் என்ற ஊரில். ஊர்த் தண்ணீர் அலுவலகத்தில் கடிதம் எழுதுவதும் போனில் பதில் சொல்வதும் என் வேலை. டெமெட்ரிக் சரக்குத் தோணிகளைத் தள்ளிப்போகும் படகில் வேலை செய்கிறார். ஒரு மாதம் ஆற்றில், ஒரு மாதம் வீட்டில். ஐவி எங்கள் முதல் குழந்தை. ஏழாம் மாதத்தில் எனக்குத் தலை வெடித்துவிடும்போல் வலித்தது, கண்ணுக்கு முன்னால் பொறி பறந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொன்னேன். தண்ணீர் குடித்துவிட்டுப் படு என்று அனுப்பினார்கள். திரும்பவும் போனேன். "இதெல்லாம் சகஜம்மா, நீங்க திடமானவங்க" என்றார்கள். மூன்றாவது முறை தூக்கிக்கொண்டு போனார்கள். ஐவி அழாமல் பிறந்தாள். முடி மட்டும் அடர்த்தியாக, கருகருவென்று இருந்தது.

இப்போது இரண்டாவது கர்ப்பம். அந்த ஏழாம் மாதம் மறுபடி நெருங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் சர்ச்சில் யாராவது "எப்படி இருக்கே?" என்றால் அதற்கு ஒரே பதில்தான்: "ஆசீர்வாதமா இருக்கேன்." வேறு பதில் சொல்லி நான் கேட்டதில்லை. சபைப் பெரியவர் டீக்கன் ஓட்டிஸ் சர்க்கரை வியாதியில் காலை எடுத்துவிட்டு, அடுத்த வாரமே சக்கர நாற்காலியில் வந்து அதைத்தான் சொன்னார். கெட்டதை வாயால் சொன்னால், அதை நமக்கென்று கேட்டு வாங்கிக்கொண்ட மாதிரி. முன்வரிசையில் வெள்ளைத் தொப்பி போட்டு உட்காரும் பிங்கம் அம்மாளிடம் ஒருமுறை, "எனக்குப் பயமா இருக்கும்மா" என்று தொடங்கினேன். கையுறை போட்ட விரலை என் உதட்டின்மேல் வைத்துவிட்டார்.

"அதைச் சொல்லாதே. சொன்னா உன்னுதாயிடும்."

கிளினிக்கில் சொல்லியிருக்கலாமே என்றால், அங்கே வேறு பயம். என் சித்தி மகள் தெரஸின் என்பவள் பக்கத்துக் கவுண்டியில், அதாவது பக்கத்து மாவட்டத்தில், பிரசவமானவள். "குழந்தையைப் பாத்தா எனக்கு ஒண்ணுமே தோணலை" என்று நர்ஸிடம் உண்மையைச் சொன்னாள். மறுநாள் கவுண்டியின் குழந்தை நல அலுவலகத்திலிருந்து கழுத்தில் அட்டை தொங்க இரண்டு பேர் வந்து, பிரிட்ஜைத் திறந்து பார்த்து, தொட்டிலைப் பார்த்து, அவளையும் பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு குழந்தையை எடுத்துக்கொண்டார்கள். திரும்பக் கிடைத்தபோது அவன் நடந்து வந்தான். ஆகையால் கிளினிக்கில் நர்ஸ் என் மனசைப் பற்றி எது கேட்டாலும் "இல்லை", "இல்லை" என்றே சொல்லிவைத்தேன்.

இந்த நிலையில்தான் அவள் வந்து சேர்ந்தாள். உண்மையைச் சொல்வதென்றால், முதல் பயம் தெளிந்ததும் அவள் எனக்கு உபகாரமாகத்தான் இருந்தாள்.

டெமெட்ரிக் ஆற்றிலிருந்து பேசும்போது, "நேத்து நீ குழந்தைக்குப் பாடினியே, அதை இன்னொருதரம் பாடேன் கண்ணு. படகுல எல்லாரும் கேட்டுட்டு என்னைக் கிண்டல் பண்றானுங்க" என்றார். நான் பாடவில்லை. வயிற்றில் கை வைக்கக்கூட எனக்குத் துணிச்சல் இல்லாமல் இருந்தது. "அப்புறம் பாடறேன்" என்றேன். போனை வைத்த பிறகுதான் தோன்றியது: அவர் குரலில் இருந்த அந்தக் குழைவு எனக்காக இல்லை, அவளுக்காக.

அலுவலகத்தில், தண்ணீர் வரவில்லை என்று தினமும் கத்தும் கிழவர் ஒருவர் நேரிலே வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "போன்ல நீ பேசின மாதிரி இத்தனை வருஷத்துல யாரும் என்கிட்ட அன்பாப் பேசினதில்லைம்மா." நான் அன்றைக்கு முழுதும் போனைத் தொடவே இல்லை.

சர்ச்சில்தான் அது முற்றியது. வாசலில் பிங்கம் அம்மாள், "எப்படிம்மா இருக்கே?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. நிச்சயமாகத் திறக்கவில்லை, உதடு காய்ந்து ஒட்டிப்போயிருந்தது. பதில் என் தோளுக்குப் பின்னாலிருந்து தெளிவாகப் போயிற்று.

"ஆசீர்வாதமா இருக்கேம்மா!"

"ஆமென்" என்று அவர் என் கன்னத்தைத் தட்டினார். அவர் பார்வை என் முகத்தில் இல்லை. கொஞ்சம் தள்ளி, என் தோளுக்குப் பின்னால் இருந்தது.

அதன்பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் அவளே பதில் சொன்னாள். நான் சும்மா நின்றேன். பாரம் தூக்குகிறவன் நடுவழியில் மூட்டையை இன்னொருவன் தோளுக்கு மாற்றிவிட்டு நிற்பான் பாருங்கள், அப்படி.

என் தலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கர்ப்பம் உறுதியான நாளிலிருந்து நான் தலை வாரவில்லை. சீப்பை எடுத்தால் கை கனத்துப்போகும். முடிமேல் துணித்தொப்பியை இழுத்து, அதன்மேல் விக்கை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போவேன். வீட்டுக்கு வந்ததும் விக்கைக் கழற்றி, கண்ணாடி அருகே விக் மாட்டவென்று இருக்கும் முகமில்லாத வெள்ளைப் பொம்மைத் தலைமேல் கவிழ்த்து வைப்பேன்.

ஒரு நாள் மதியத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். விக்கைக் கழற்றிவைத்துக் கட்டிலில் சாய்ந்தேன். தூங்கினேனா என்று தெரியாது. கண்ணைத் திறந்தபோது வெள்ளைத் தலை மொட்டையாக இருந்தது.

முன்னறையில் ஒரு பெண் எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். என் விக். என் ஊதா நிற ஞாயிற்றுக்கிழமை உடுப்பு. ஒரு கை வயிற்றின்மேல், தட்டிக்கொடுக்கும் தாளத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாக ஆற்றுக்கரை மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல வெயில் வேளை. வெளியே யாரோ புல் வெட்டும் சத்தம்கூடக் கேட்டது.

"ரொம்பக் களைச்சுட்டே" என்றாள், திரும்பாமலே. "இங்கே எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன். புள்ளையையும் நானே வளத்துக்கறேன். நீ போய்த் தண்ணிகிட்ட உக்காரு. குளுகுளுன்னு இருக்கும்."

அதில் மிரட்டல் இல்லை. இத்தனை மாதத்தில் என்னிடம் யாரும் அவ்வளவு பரிவாகப் பேசவில்லை. அதுதான் பயங்கரம், ஆனால் அப்போது எனக்கு அது தெரியவில்லை. எழுந்து, விக் இல்லாத தலையோடு, கரை மேட்டைத் தாண்டி ஆற்றுப் பக்கம் போனேன். வில்லோ மரத்தடியில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன். மறுநாளும் போனேன். ஒவ்வொரு முறையும் உட்காரும் இடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. நான் இறங்குவது எனக்குத் தெரியவில்லை.

கடைசி நாளில் தெரிந்தது என் செருப்புகள்தான். சேற்றில் ஜோடி சேர்த்து ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன, வீட்டு வாசலில் வைக்கிற மாதிரி. நான் அவற்றைவிட்டுத் தள்ளி நின்றிருந்தேன். தண்ணீர் முழங்காலில் இருந்தது.

"அக்கா! மீன் புடிக்க வந்தீங்களா, இல்லே மீனாவே ஆயிடறதா உத்தேசமா?"

திரும்பினேன். எங்கள் தெருக் கோடியில் இருக்கும் க்வியானா. கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, தூண்டிலைப் போட்டுவிட்டுச் சோளப்பொரி தின்றுகொண்டிருந்தாள். அவளுக்கும் மாதம் ஏறியிருந்தது; பொரிப் பையை வயிற்றின்மேல் தட்டுபோல வைத்திருந்தாள். வாய்தான் சிரித்தது. கண் என் காலைவிட்டு அசையவில்லை.

"ரெண்டு அடி பின்னாடி வாங்க. கெளுத்தி பயந்து ஓடுது. எனக்கு ராத்திரிச் சாப்பாடே அதான்."

அவளுடைய மீனுக்காகத்தான் பின்னால் வந்தேன். அதைத் தவிர வேறு எதற்காகவும் வந்திருக்க மாட்டேன்.

என் மணிக்கட்டைப் பிடித்து வாளிமேல் உட்காரவைத்துவிட்டு, அவள் எழுந்து நின்றாள். மெதுவாகக் கேட்டாள்.

"ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. நான் இங்கே வரப்போ உங்க வீட்டு வழியாத்தான் வந்தேன். நீங்க ஜன்னல்ல நின்னு கையை ஆட்டினீங்க. ஊதா டிரஸ், முடியெல்லாம் அம்சமா. நான் நேரா இங்கே வந்தா, நீங்க இங்கே நிக்கறீங்க. இப்படி."

இப்படி என்றால் என் தலை. நான் கையால் மறைத்துக்கொண்டேன்.

"நீயும் அவளைப் பாத்தியா?" என்றேன்.

க்வியானா பொரிப் பையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தாள். "உங்களோடதைப் பாக்கறது இதான் முதல் தடவை. எனக்கும் ஒருத்தி வந்தா, என் அம்மாகிட்டயே நான் பேசற மாதிரி நல்லபடியாப் பேசிட்டிருந்தா. என் அம்மா என்னைப் பாராட்டினாங்கன்னதும்தான் ஏதோ தப்புன்னு எனக்கே புரிஞ்சுது." சிரித்தாள். பிறகு என் செருப்பை எடுத்து உதறி, தன் கையிலேயே வைத்துக்கொண்டாள். "இன்னைக்குத் திங்கள். வாங்க, மிஸ் ஆர்நெட்டா பார்லருக்கு."

"திங்கக்கிழமை பார்லர் மூடியிருக்குமே?"

"அதனாலதான் போறோம்."

செருப்பை வழி முழுதும் அவள் தரவே இல்லை. சுட்ட தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடந்தேன். என் வீட்டைத் தாண்டும்போது ஜன்னலைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. திரை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

மிஸ் ஆர்நெட்டா என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். மனநல ஆலோசகர்; அதற்கென்று படித்து, உரிமம் வாங்கி, நகரத்தில் வேலை பார்த்தவர். பார்லர் அவருடைய அம்மா விட்டுப்போனது. எங்கள் ஊரில் ஆலோசகர் என்று பலகை மாட்டினால் ஒருத்தியும் அந்தப் படியேற மாட்டாள் என்பதால், திங்கட்கிழமைகளில் பார்லரில் கர்ப்பிணிகளை உட்காரவைத்துத் தலை பின்னிக்கொண்டே பேசுவார். இதெல்லாம் க்வியானா வழியில் சொன்னது.

உள்ளே நாலைந்து பெண்கள் இருந்தார்கள், எல்லாரும் வயிறும் பிள்ளையுமாக. எண்ணெய் வாசனை, குளிர்ந்த காற்று. சுவர் நெடுகக் கண்ணாடிகள். அத்தனை கண்ணாடிமேலும் வெள்ளை விரிப்பு தொங்கியது.

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டில்தான் அப்படிக் கண்ணாடியை மூடுவார்கள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"யாரு செத்தது?" என்றேன்.

"யாரும் சாகலை. இனிமேலும் சாகக்கூடாதுன்னுதான்" என்றார் மிஸ் ஆர்நெட்டா. "வாரம் பூரா கண்ணாடிக்குள்ளே நமக்காக நின்னு சிரிக்கிறாங்களே, அவங்களுக்கும் ஒரு நாள் லீவு வேணாமா? உள்ளே வா. இந்த வீட்டுல ஒரே சட்டம்தான். எப்படி இருக்கேன்னு யாரும் யாரையும் கேக்கக்கூடாது."

"கேட்டா?"

"எல்லாருக்கும் பொரிச்ச கோழி வாங்கித் தரணும்" என்றாள் க்வியானா. "போன வாரம் நான் ஒருத்தியை வேணும்னே கேக்க வெச்சேன்."

எல்லாரும் சிரித்தார்கள். மிஸ் ஆர்நெட்டா குட்டை முக்காலி ஒன்றைத் தன் நாற்காலிக்கு முன் இழுத்துப்போட்டு, என்னை முதுகு காட்டி உட்காரச் சொன்னார். பிறகு வேறு எதுவும் கேட்கவில்லை. இதை மட்டும் கேட்டார்.

"உன் தலையைக் கடைசியா யாரு தொட்டா?"

 அவர் துணித்தொப்பியை மெல்ல உரித்தார். முடி கம்பளிபோலக் கெட்டிப்பட்டு, மண்டையோடு ஒட்டிக் கிடந்தது. யாராவது "ஐயோ" என்பார்கள் என்று கழுத்தை இறுக்கிக்கொண்டேன். ஒருவரும் சொல்லவில்லை. ஒருத்தி வெந்நீர் எடுத்து வந்தாள், ஒருத்தி எண்ணெயைச் சுடவைத்தாள். அகலப் பல் சீப்பு நுனியிலிருந்து வேலையைத் தொடங்கியது. கொஞ்சம் பிரித்து, எண்ணெய் விட்டு, இன்னும் கொஞ்சம் பிரித்து. அந்த விரல்கள் மண்டையில் பட்டதும் என் தோள் தானாகக் கீழே இறங்கியது. அது அத்தனை நாளும் காதோரம் ஏறிக் கிடந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அந்த நேரத்தில் என் போன் அடித்தது. லவோனியா. பழக்க தோஷத்தில் எடுத்துவிட்டேன்.

"ஏ பொண்ணே, எப்படி இருக்கே?"

அவளுக்குக் கணீரென்ற குரல். அறை முழுக்கக் கேட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் பதில் வந்தது. இந்த முறை என் தோளுக்குப் பின்னாலிருந்து இல்லை. எனக்கு எதிரே இருந்த கண்ணாடி விரிப்புக்குப் பின்னாலிருந்து.

"ஆசீர்வாதமா இருக்கேன் அக்கா!"

சீப்பு நின்றது. எண்ணெய்க் கிண்ணம் வைத்திருந்தவள் அப்படியே உறைந்தாள். விரிப்பு, யாரோ அதற்குப் பின்னால் முகத்தை வைத்து மூச்சு விடுவதுபோல, உள்ளே போய் வெளியே வந்தது.

"சந்தோஷம்டி தங்கம். அப்புறம் கூப்பிடறேன்" என்று லவோனியா வைத்துவிட்டாள்.

"இந்தக்கா வாயையே தொறக்கலை" என்றாள் க்வியானா, மிக மெதுவாக. "நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

மிஸ் ஆர்நெட்டாவின் கை என் தலையைவிட்டு எடுபடவில்லை. ஆனால் அந்த விரல்கள் சில்லிட்டுப்போனதை என் மண்டை உணர்ந்தது. அவருக்கும் பயம்தான்.

"அவளுக்கு ஒண்ணும் இல்லை" என்றது விரிப்புக்குப் பின்னிருந்த என் குரல், அதே பரிவோடு. "நீங்க யாரும் கவலைப்படாதீங்க. அவ தண்ணிகிட்டப் போய் உக்காரட்டும். புள்ளைக்கு நான் இருக்கேன்."

என் உடம்பு எழப் பார்த்தது. பொய் சொல்லவில்லை; அந்தக் குரல் சொன்னதும் கால் தானாக வாசல் பக்கம் திரும்பியது. செருப்பு மட்டும் க்வியானாவின் மடியில் இருந்தது. அவள் அதை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள்.

மிஸ் ஆர்நெட்டா என்னைப் பிடித்து அமுக்கவில்லை. கண்ணாடியைப் பார்த்து, வந்த விருந்தாளியிடம் விசாரிப்பதுபோலக் கேட்டார்.

"சரிம்மா. நீதான் புள்ளைக்கு இருக்கே. அப்ப சொல்லு. முதல் புள்ளை பேரு என்ன?"

விரிப்பு அசையாமல் நின்றது.

"ஆசீர்வாதமா இருக்கேன்" என்றது குரல்.

"அதைக் கேக்கலை. முதல் குழந்தை. அவ பேரு."

"கர்த்தர் நல்லவர்."

"அவளுக்கு முடி எப்படி இருந்துச்சு?"

 விரிப்புக்குப் பின்னால் மூச்சு மட்டும் வேகமாக ஏறி இறங்கியது, தேர்வில் தெரியாத கேள்வியைப் பார்த்த பிள்ளைபோல. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவளுக்கு அது தெரியாது. நல்லதை மட்டும் சொல்லத்தான் அவள் வந்தாள். ஐவியை அவள் பெறவில்லை. அவளிடம் என் பிள்ளையை விட்டுப் போனால், இந்தப் பிள்ளைக்குத் தனக்கு ஒரு அக்கா இருந்தாள் என்பதுகூடத் தெரியாமல் போய்விடும்.

"ஐவி" என்றேன்.

அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு அந்தப் பேரை நான் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. வாய்க்குள் துருப்பிடித்த சாவிபோல இருந்தது.

"ஐவி. முடி கருகருன்னு இருந்துச்சு. எனக்குத் தலை வெடிக்குதுன்னு சொன்னேன், யாரும் நம்பலை. இந்தத் தடவையும் அப்படித்தான் ஆகும்னு நான் வயித்தைத் தொடவே இல்லை. நான் நல்லா இல்லை. தினமும் ஆத்துக்குப் போறேன். இன்னைக்குத் தண்ணியில எறங்கிட்டேன். திரும்பி வரணும்னு தோணலை. இதைச் சொன்னா என் புள்ளையை எடுத்துக்குவாங்க. சொல்லிட்டேன்."

சொன்னதும் இடி விழும் என்று காத்திருந்தேன். ஒன்றும் விழவில்லை. குளிர்சாதன இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. வெந்நீர் வைத்தவள் அழுதுகொண்டே அடுப்பை அணைத்தாள்.

மிஸ் ஆர்நெட்டா மறுபடி சீப்பை எடுத்தார். "உனக்குப் பொய் சொல்ல மாட்டேன்" என்றார். "கவுண்டிக்காரங்க வரவே மாட்டாங்கன்னு சத்தியம் பண்ண என்னால முடியாது. ஆனா இப்பவே டாக்டரைக் கூப்பிடப் போறேன். பக்கத்து நாற்காலியில நான் உக்காந்திருப்பேன். எவனாவது தண்ணி குடிச்சுட்டுப் படுன்னு சொன்னா, அவன்கிட்ட நான் பேசிக்கறேன். இனிமே நீ தனியா அந்த ரூமுக்குள்ளே போக மாட்டே. இன்னைக்கு ராத்திரி உன் வீட்டுல யாரு இருக்கப் போறது?"

"நான்தான்" என்றாள் க்வியானா. "செருப்பே என்கிட்டத்தானே இருக்கு."

"அவளை என்ன செய்யறது?" என்று கண்ணாடியைக் காட்டினேன்.  "விரட்டணுமா?"

மிஸ் ஆர்நெட்டா சீப்பில் சிக்கிய முடியை எடுத்துப் போட்டார். "உனக்காக எவ்வளவு நாளா நிக்கறா பாவம். விரட்ட வேணாம். உக்காரச் சொல்லு."

எனக்கு அது வாயில் வரவில்லை, அன்றைக்கு.

பின்னி முடித்து, இரட்டைச் சடையோடு நேராக டாக்டரிடம் போனோம். புதிய டாக்டர், எங்களைப் போலவே கறுப்பினத்தவர். நர்ஸ் வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். "ஆமாம்" என்றேன், "ஆமாம்" என்றேன். மிஸ் ஆர்நெட்டாவின் முழங்கை என் முழங்கையில் பட்டுக்கொண்டே இருந்தது. ரத்த அழுத்தம் ஏறியிருப்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்கும் என் மனச்சோர்வுக்கும் மருந்து கொடுத்தார்கள். சேதி போனதும் டெமெட்ரிக்கின் படகு அடுத்த துறையில் அவரை இறக்கிவிட்டது. அவர் வரும்வரை க்வியானா என் வீட்டுச் சோபாவில் கிடந்து, லவோனியா புதிதாகக் கொண்டுவந்த கேக் முழுவதையும் தின்று தீர்த்தாள். கழுத்தில் அட்டை தொங்க ஒரு பெண் வரத்தான் செய்தாள். மிஸ் ஆர்நெட்டாவும் டெமெட்ரிக்கும் எனக்கு இரு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் காபி குடித்துவிட்டு, உதவிக்கு யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் போனாள். நான் அன்று முழுக்க நடுங்கினேன். ஆனாலும் அவள் கேட்டதற்கெல்லாம் நான்தான் பதில் சொன்னேன்.

விக் அந்த வெள்ளைத் தலைமேலேயே இருக்கிறது. சில நாள் மதியத்தில் அது லேசாகத் திரும்பியிருக்கும், நான் வைத்த பக்கம் இல்லாமல். நான் திருப்பி வைப்பதில்லை.

ஏழாம் மாதம் முடிகிற வாரம் லவோனியா கூப்பிட்டாள். டெமெட்ரிக் வெளியே புல் வெட்டிக்கொண்டிருந்தார். நான் அடுக்களையில் கீரை கழுவிக்கொண்டிருந்தேன்.

"ஏ பொண்ணே, எப்படி இருக்கே?"

முன்னறையில் யாரோ மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. பேசத் தொடங்குமுன் இழுக்கிற மூச்சு.  ஈரக் கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டேன்.

"இன்னைக்கு நல்லா இல்லைக்கா" என்றேன். "பயமா இருக்கு. காலையிலேருந்து ஐவி நெனப்பாவே இருக்கு."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவியை அவள் நிறுத்தினாள்.

"அப்படியெல்லாம் சொல்லாதேடி" என்று தொடங்கினாள் லவோனியா. அவள் குரல் உடைந்தது. "எனக்கும்தான். எனக்கும் அவ நெனப்புதான். நான் ஒருத்திகிட்டயும் சொன்னதில்லை." பிறகு பாத்திரம் உருளும் சத்தம். "இரு, கார் சாவியை எங்கேயோ வெச்சுத் தொலைச்சேன். வர்றேன். கேக் வேணுமா?"

"வேண்டாம்க்கா. நீங்க மட்டும் வாங்க."

போனை வைக்கவில்லை. முன்னறைப் பக்கம் திரும்பாமல், இத்தனை நாள் வாயில் வராததைச் சொன்னேன்.

"போதும். நீயும் உக்காரு."

ஜன்னலோரம் இருக்கும் பழைய மர நாற்காலி மெல்ல முனகியது, நெடுநாள் நின்ற ஒருத்தி தன் பாரம் முழுவதையும் அதில் இறக்கியதுபோல.

"யாருடி அங்கே?" என்றாள் லவோனியா போனில். "யாரோ உக்கார்ற சத்தம் கேட்டுச்சே?"

"ஆமாம்க்கா" என்றேன். "உக்காந்துட்டா."